உயரம் பாய்தலும் உயர்கல்வியும்

"ஓடுவதற்கும் பாய்வதற்கும் பல்கலைக்கழகம் எதற்கடா?" என்று கல்லூரி மைதானத்து மணற்குழியருகே நின்று மாணாக்கன் ஒருவனை யாம் வினவியதுண்டு. உயர்தர வகுப்பில் எம்மிடம் தமிழ் பயின்ற அவன், உடலியக்கமும் விளையாட்டு வரலாறும் கற்க விரும்புவதாகச் சொன்ன வேளையது. அவன் தந்தையார் எம் அபிப்பிராயத்தைக் கேட்டபோதும் அதனையே உரைத்தோம். அவரும் தடுத்துவிட்டார். பிள்ளைக்கு ஓராண்டு வீணாயிற்று.

சென்ற தைப்பொங்கல் விடுமுறையில் அவன் எம் இல்லம் போந்தான். மனத்தாங்கல் சிறிதுமின்றித் தான் கற்பனவற்றை விரித்துரைத்தான். மைபிரிட்ஜ் என்பார் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஆதரவுடன், மனிதரும் விலங்குகளும் இயங்கும் நிலைகளைப் படம்பிடித்து 1887இல் 781 தட்டுகளாக வெளியிட்டாராம். ஒரே வீச்சாய்த் தோன்றும் பாய்ச்சலைக் கணங்கணமாகப் பகுத்துக் காணும் முயற்சி அது. சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலையெனப் பிரித்தே காலங்கழிக்கும் யாம் இதனையா எள்ளினோம்!

பின்னர்ப் பேச்சு உயரம் பாய்தலிற் சென்றது. 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் நம் யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கப்பதக்கம் பெற்றதை யாமும் அறிவோம். ஆயின், 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் அமெரிக்கரான பொஸ்பரி, முதுகு கீழாகக் குறுக்குத்தடியைக் கடந்து 2.24 மீற்றர் பாய்ந்தது எவ்வாறு? உடலை வில்லென வளைத்தலால் உறுப்புக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடியைக் கடக்கின்றன; புவியீர்ப்பு மையமோ தடிக்குக் கீழாகவே செல்லவுங் கூடும். இஃது உடலியக்கம்.

"அதை மணற்குழியிலே செய்தால் கழுத்து முறியும், ஐயா. தடித்த மெத்தை வந்தபடியாலேதான் அந்த முறை பரவிற்று. இது வரலாறு," என்றான் அவன்.

அடுத்து அவன் தொடுத்த வினா எம்மைத் திகைக்க வைத்தது. நம் கல்லூரியிலே மணற்குழி போய் மெத்தை வந்தது எவ்வாண்டு? பழைய மலர்களைப் புரட்டினோம். இல்ல மெய்வல்லுநர் போட்டியில் வென்றோர் பெயர்கள் உண்டு. அவர்கள் எங்ஙனம் பாய்ந்தனர், எதன்மேல் விழுந்தனர் என்பதற்கு ஒரு வரிதானும் இல்லை. அவ்வாராய்ச்சியையே அவன் மேற்கொண்டுள்ளான். பாய்ச்சற் படங்கள் வைத்திருக்கும் பழைய மாணவர்கள், பிரதியொன்றை எம் முகவரிக்கு அனுப்பியுதவ வேண்டுகின்றோம். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வுக்குப் பின் எஞ்சியவை எத்தனையோ!

அவன் தந்தையாரை யாம் இன்னுஞ் சென்று கண்டிலோம்.