நான்கு மணி நேரப் பயணம்

எம் தந்தையார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி, பினாங்கு வழியாகத் தஞ்சோங் பகார்த் துறையில் இறங்க ஏழெட்டு நாட்களாயின. பின்னர்ப் பாட்டியார் இறந்த செய்தி கிட்டியபோது ஈமக்கடன் முடிந்திருந்தது. போனால் வேலையும் போகும், அவர் போகவில்லை.

இன்றோ, சாங்கி விமான நிலையத்தினின்று திருச்சிராப்பள்ளிக்கு ஏறத்தாழ 4 மணி நேரமே! நியூயார்க்கு நகருக்குள்ள 15,300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வான்வழியையும், 2020 முதல், எங்கும் இறங்காமல் பத்தொன்பது மணிக்குள் கடக்கின்றனர். மெத்த மகிழ்ச்சி.

சென்ற ஆண்டு, தஞ்சோங் பகாரில் கட்டட வேலை செய்யும் தோழர் ஒருவர் தம் தாயை இழந்தார். முதலாளி விடுமுறை தந்தது நான்காம் நாள். விமானத்தின் விரைவைப்பற்றி யாம் அவரிடம் ஒன்றும் பேசவில்லை. பெட்டி கட்ட உதவினோம்.