எடைமேடையை மாற்றினால் கரும்பு கூடுமா?

எறையூரில் காரைப் பற்றிப் பேசுகிற யாரும் குதிரைத்திறன் என்று சொல்ல மாட்டார்கள். "பிக்கப்" என்பார்கள். "வண்டில பிக்கப்பே இல்லண்ணே, மூணாவது கியர்ல செத்துப்போவுது" என்று என் சித்தி மகன் போன வருஷம் சித்திரையில் வந்து நின்றான். அவனுடையது மஞ்சள் போர்டு போட்ட பழைய டீசல் கார். சிப்காட்டுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிவிடுவான். ராத்திரியில் யாருக்காவது பிரசவ வலி என்றால் பெரம்பலூருக்கோ திருச்சிக்கோ ஓட்டுவான். அரியலூர் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும்: முன்னால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர், எதிரில் இன்னொன்று, நடுவில் கிடைக்கிற சில நொடியில் தாண்டியாக வேண்டும். பின்சீட்டில் ஒரு பெண் வலியில் கத்திக்கொண்டிருக்கும்போது பிக்கப் இல்லாத வண்டி என்ன பயத்தைக் கொடுக்கும் என்று அவன் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அவன் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினான். 'பெர்ஃபார்மன்ஸ் ஏர் ஃப்ளோ சென்சார்'. மாட்டினால் 15 குதிரைத்திறன் கூடுமாம். விலை ஒன்பதாயிரத்துச் சொச்சம். எஃப்.சி.க்கு என்று எடுத்து வைத்திருந்த பணம் அவன் கையில் இருந்தது. நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவன் என்பதால் "வாங்கலாமாண்ணே?" என்று கேட்டான்.

அந்த சென்சார் செய்கிற வேலை எளிது. எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில் மெல்லிய கம்பியோ படலமோ ஒன்று மின்சாரத்தால் சூடாக்கப்பட்டிருக்கும். உள்ளே போகிற காற்று அதைக் குளிர வைக்கும். பழையபடி சூட்டில் வைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறதோ, அதை வைத்து எவ்வளவு காற்று போனது என்று கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கு வண்டியின் கம்ப்யூட்டருக்குப் போகும். அவ்வளவுதான். காற்றை அது இழுப்பதும் இல்லை, தள்ளுவதும் இல்லை.

அவனுக்குப் புரிய எங்கள் ஊர் சர்க்கரை ஆலையே போதும். கரும்பு டிராக்டர் எடைமேடையில் ஏறுகிறது. பத்து டன் கரும்பை மேடை பத்து என்று காட்டினால் சரி. புதுசாகப் பளபளவென்று ஒரு மேடை வாங்கிப் போட்டு அது பன்னிரண்டு என்று காட்டினால், ஆலையில் சர்க்கரை கூடுதலாக வந்துவிடுமா? "ஏட்டுலதான் வரும்" என்றான். ஆனால் பத்து டன்னை எட்டு என்று காட்டும் மேடையும் உண்டே. அவன் வண்டிக்கு அதுதான் நடந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்.

டீசல் வண்டியில் கம்ப்யூட்டர் காற்றின் கணக்கைப் பார்த்துத்தான் டீசலுக்கு உச்சவரம்பு வைக்கும். இல்லாவிட்டால் கரும்புகை தள்ளும். சென்சார் குறைத்துச் சொன்னால் டீசலும் குறையும், இழுவையும் குறையும். பொய்யாகக் கூட்டிச் சொல்கிற சென்சாரை மாட்டினால்? நியாயமாகச் சொல்ல வேண்டும், டீசலில் கொஞ்சம் இழுவை கூடவும் செய்யலாம். கூடவே புகையும் சூடும் கூடும். எஃப்.சி.க்குப் போகிற வண்டிக்கு அது தேவையா?

மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறந்ததும் சிரித்துவிட்டார். இவனுக்கு வண்டியை விற்றவர் எண்ணெய் தடவிய 'ஸ்போர்ட்ஸ்' ஏர் ஃபில்டர் ஒன்றை மாட்டியிருந்தார். அதுவும் குதிரைத்திறன் கூட்டத்தான். அதிலிருந்த எண்ணெய் சென்சாரில் படிந்து, அதன் மேல் எங்கள் ஊர்ப் புழுதி ஒட்டியிருந்தது. அதற்கென்று விற்கிற ஸ்பிரேயை அடித்து, விரல் படாமல் காயவிட்டு, சாதாரணக் காகித ஃபில்டரைப் போட்டார். செலவு ஆயிரத்தைத் தொடவில்லை.

எங்கள் பக்கம் டைனோ எல்லாம் கிடையாது. விடிகாலை ஐந்து மணிக்கு ஒரே சாலைத் துண்டில், மூன்றாவது கியரில் நாற்பதிலிருந்து எண்பது வரை போக எவ்வளவு நேரம் என்று போனில் பார்த்தோம். போகும்போது மூன்று தடவை, திரும்பும்போது மூன்று. முந்தின நாளும் அதே நேரம், அதே மாதிரிதான் பார்த்திருந்தோம். ஆறு தடவையும் நேரம் நன்றாகவே குறைந்திருந்தது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இதில் என்னை உறுத்துவது வேறு. அவன் அந்த ஒன்பதாயிரம் ரூபாய் சென்சாரை வாங்கி மாட்டியிருந்தாலும், அது ஒழுங்காக அளக்கிற சென்சாராக இருந்தால், இதே பிக்கப் வந்திருக்கும். தொலைந்தது திரும்பி வந்ததை, புதிதாகக் கிடைத்த 15 குதிரைகள் என்றே ஊர் முழுக்கச் சொல்லியிருப்பான். விளம்பரத்துக்குக் கீழே புகழ்ந்து எழுதுகிறவர்கள் எல்லாம் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பலர் அழுக்கான சென்சாரைக் கழற்றிப் போட்டவர்களாக இருக்கலாம்.

உண்மையாகவே திறன் கூடுவதற்கு நம்மூரிலேயே உதாரணம் இருக்கிறது. ஸ்விஃப்டில் வந்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் 75 குதிரைத்திறன். அதே எஞ்சின் எர்டிகாவில் 90. துடுப்புகள் அசைந்து கொடுக்கிற டர்போவை வைத்து, அதற்கு ஏற்றபடி கம்ப்யூட்டர் கணக்கையும் மாற்றினார்கள். நிஜமாகவே கூடுதல் காற்று உள்ளே போனது. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி இடங்களில் ஓடுகிற பந்தய உலகத்தில் பெரிய சென்சாருக்குத் தேவை வரலாம். பெரிய டர்போ தள்ளுகிற காற்றை அளக்கப் பழைய சென்சாருக்கு எல்லை போதாது. அங்கேயும் திறனைக் கொடுப்பது டர்போதான்.

பெட்ரோல் காரில் நடக்கிற ஏமாற்று இன்னும் மலிவு. சித்தி மகனின் சிநேகிதன் ஐப்பசியில் ஒரு 'பவர் சிப்' வாங்கி வந்தான். டேப்பைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே ஒரே ஒரு ரெசிஸ்டர். எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைப்பது. உள்ளே வருகிற காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரோடு அதைச் சேர்த்தால், காற்று குளிர்ந்திருப்பதாகக் கம்ப்யூட்டர் நம்பி, பெட்ரோலைக் கூட்டும். பெட்ரோலுக்கும் காற்றுக்கும் 1க்கு 14.7 என்று ஒரு கணக்கு உண்டு. சைலன்சர் பக்கம் இருக்கிற ஆக்சிஜன் சென்சார் பெட்ரோல் கூடிவிட்டதைக் கண்டுபிடித்துத் திரும்பவும் குறைக்க வைத்துவிடும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது மட்டும் அந்தத் திருத்தம் நடக்காது. ஆனால் அப்போது வண்டி ஏற்கெனவே தேவைக்கு மேல்தான் பெட்ரோல் குடித்துக்கொண்டிருக்கும்.

குளிர்ந்த காற்று நல்லது என்பது மட்டும் நிஜம். 20 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் அதே அளவு காற்றின் எடை சுமார் 6 சதவீதம் குறைவு. பெரம்பலூர் வெயிலில் வண்டி சோம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் சொன்ன பிறகும் சிநேகிதன் அந்த ரெசிஸ்டருக்குத் திரும்ப டேப் சுற்றி மாட்டிக்கொண்டுதான் போனான். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. வண்டி பறக்கிறது என்று போன் செய்தான்.

"சித்திரையில ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றா" என்று சொல்லி சித்தி மகன் போனை வைத்தான்.