எம்.ஆர்.ஐ ரிப்போர்ட்டின் கடைசி வரி

அம்மாவுக்கு ரொம்ப நாளாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ எடுத்ததில் எல்லாரும் எதிர்பார்த்தபடி ஜவ்வு லேசாகப் பிதுங்கியிருந்தது. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசியில் யாரும் கேட்காத ஒரு வரி: எலும்பு மஜ்ஜையின் சிக்னல் பரவலாகக் குறைந்திருக்கிறது, நோயாளியின் மற்ற விவரங்களோடு சேர்த்துப் பார்க்கவும். மஜ்ஜை என்றாலே நம் சினிமாவில் ஒரே ஒரு வியாதிதானே! அப்பா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை.

விஷயம் இதுதான். டி1 என்ற வகைப் படத்தில் கொழுப்பு வெளுப்பாகத் தெரியும். பெரியவர்களின் முதுகெலும்பில் ரத்தம் தயாரிக்கும் சிவப்பு மஜ்ஜை இருந்தாலும் அதிலும் சுமார் 40 சதவீதம் கொழுப்புதான். அதனால் எலும்பு, பக்கத்து ஜவ்வை விட வெளுப்பாக இருக்கணும். கறுத்திருந்தால் கொழுப்பின் இடத்தை வேறு ஏதோ பிடித்துவிட்டது என்று அர்த்தம். அது புற்றுநோயாகவும் இருக்கலாம், கூடுதலாக ரத்தம் தயாரிக்கும் சாதாரண செல்களாகவும் இருக்கலாம். படம் பார்க்கிறவருக்கு ஆளைத் தெரியாது. அதனால் அந்த வரியை எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

டாக்டர் இடுப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. "மாதவிடாய் எப்படிம்மா?" என்றார். ரெண்டு வருஷமாக மாசத்துக்குப் பத்து நாள் போகிறதாம். வீட்டில் யாருக்கும் தெரியாது, மகள் எனக்கும்கூட. "இந்த வயசுல வர்றதுதானே டாக்டர்" என்கிறார் அம்மா, ஏதோ கரண்ட் கட் மாதிரி!

ஹீமோகுளோபின் 7.4. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. இரும்புச் சத்தைக் காட்டும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில். மயலோமா என்ற புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க, ரத்தத்தின் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோஃபோரசிஸ் டெஸ்டும் எழுதினார். அது வர நாலு நாள். அந்த நாலு நாளும் வீட்டில் டிவி ஓடவில்லை.

வந்தது, நார்மல். ரத்த அணுக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததிலும் சந்தேகப்பட ஒன்றுமில்லை. இழக்கிற ரத்தத்தை ஈடுகட்ட மஜ்ஜை ஓவர்டைம் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. அதற்குத் தனி வைத்தியம் நடக்கிறது.

மஜ்ஜையில் ஊசி போட்டு எடுப்பது இப்போதைக்கு வேண்டாம், இரும்பு மாத்திரைக்கு ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஒரு மாசத்தில் 9.1 ஆகியிருக்கிறது. ஆறு மாசம் கழித்து இன்னொரு எம்.ஆர்.ஐ.

காபி இரும்பை உடம்பில் சேரவிடாது என்று எத்தனை தடவை சொன்னாலும் அம்மா மாத்திரையை அதோடுதான் முழுங்கப் பார்க்கிறார். தினம் காலையில் இதே சண்டை.