வளை தோண்டும் உயிர்கள் கற்பித்த பாடம்



கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையை அறியாத தமிழர் நம் நாட்டில் அரிதே. பூமாலையும் புடவையும் நகையும் வாங்க அங்குச் செல்லாத குடும்பம் எது? அச்சாலையின் நடைபாதை 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் காலையில் திடீரென உள்வாங்கியது. சுற்றுலாவுக்கு வந்திருந்த இந்தியப் பெண்மணி ஒருவர் ஏறத்தாழ 8 மீட்டர் ஆழத்தில் விழுந்து மறைந்தார். ஒன்பது நாள்கள் தேடியும் அவரை மீட்க இயலவில்லை. அந்நாள்களில் நம் உள்ளம் பட்ட வேதனை சொல்லில் அடங்காது.

அதன் பின்னர் ஒரு நாள் வகுப்பில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, எலிகள் வளை தோண்டியதால்தானே நிலம் சரிந்தது?” என்று வினவினான். அவன் தந்தையார் அச்சாலையில் சிறு கடை வைத்திருப்பவர். பாட வேளை முடியும் தறுவாயில் இருந்தமையால், “அப்படியும் இருக்கலாம், உட்கார் தம்பி” என்று கூறிவிட்டோம்.

சில நாள்கள் சென்றபின் அவன் தந்தையாரைச் சந்திக்க நேர்ந்தது. மகன் மாலைதோறும் கடையின் பின்புறம் சென்று, எலி வளைகளில் வாளி வாளியாக நீர் ஊற்றுகிறான் என்றார். தந்தையின் கடையைக் காக்க அச்சிறுவன் மேற்கொண்ட முயற்சி அது! நாம் வெட்கித் தலைகுனிந்தோம். அறியாததை அறிந்தது போல் கூறியதன் விளைவன்றோ இது? அன்று மாலையே நூலகத்தை நாடினோம்.

எலியின் வளை பெரும்பாலும் முழங்கால் ஆழத்தை மிஞ்சுவதில்லை. “எலி வளையானாலும் தனி வளை வேண்டும்” என்பது பழமொழி. உறங்க ஓர் அறை, உணவு சேமிக்க ஓர் அறை, ஆபத்து வந்தால் தப்பியோட வேறொரு வழி என்று தன் அளவுக்கேற்பவே அது தோண்டுகிறது. ஒரு மனிதரை விழுங்கும் பள்ளம் எலியின் வேலையன்று. இத்தகைய பள்ளங்களைப் பொதுவாக உண்டாக்குவது நீரே. நிலத்தடியில் ஓடும் நீரோ, உடைந்த குழாயின் கசிவோ மண்ணைச் சிறிது சிறிதாக அரித்துச் செல்ல, மேலே தளம் மட்டும் எஞ்சி நிற்கும். ஒரு நாள் அதுவும் இடிந்து விழும். அந்தோ! அச்சிறுவன் எலியை விரட்டுவதாக எண்ணி ஊற்றியதும் நீரன்றோ!

மண்ணுக்குள் வாழும் உயிர்களை ஆராய்ந்தவர்களுள் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கவர் சார்லஸ் டார்வின். உலகப் புகழ் பெற்ற அப்பேரறிஞர் தம் இறுதி நூலை, 1881-ஆம் ஆண்டில், எளிய மண்புழுவைப் பற்றி எழுதினார். புழுக்களை மண் தொட்டிகளில் வளர்த்து இரவில் விளக்கேந்திக் கவனித்தார். அவர் மகன் பாசூன் என்னும் பெரிய குழலை ஊதியபோது அவை அசையவில்லை. அதே தொட்டியைப் பியானோவின்மீது வைத்து வாசித்ததும், அதிர்வை உணர்ந்து வளைக்குள் மறைந்தன. காகிதத்தை முக்கோணமாக வெட்டிப் போட்டார். பெரும்பாலானவற்றைக் கூர்முனையைப் பற்றியே இழுத்து வளையின் வாயை அடைத்தன. இங்கிலாந்தின் பல இடங்களில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுதோறும் 10 டன்னுக்கும் மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியே மேலே வருகிறது எனக் கணக்கிட்டார். பேரறிஞர் ஒருவர் புழுவின்முன் மாணவராய் அமர்ந்திருக்க, நாமோ ஒரு சிறுவனின் கேள்விக்கு ஒரு நிமிடம் ஒதுக்கவில்லை!

மறுநாள் வகுப்பில் நம் பிழையை ஒப்புக்கொண்டு, அறிந்தவற்றைக் கூறினோம். அம்மாணவன் விடவில்லை. “அப்படியானால் மனிதர் பூமிக்கடியில் இரயில் பாதை தோண்டுகிறார்களே, அது ஏன் இடியவில்லை?” என்றான். இம்முறை, “நாளை படித்துவிட்டு வந்து சொல்கிறோம்” என்றோம்.

விடையும் ஒரு வளை தோண்டும் உயிரிடமே கிடைத்தது. மரக்கலங்களைத் துளைத்து அழிக்கும் கப்பற்புழு என்றோர் உயிர் உண்டு. பெயர்தான் புழு, இனத்தால் அது சிப்பி வகை. தலைப்பக்கத்துச் சிறு ஓடுகளால் மரத்தை அராவிக்கொண்டே முன்னேறும். பின்னால் தன் துளையின் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுப் பூசிக்கொள்ளும். இதைக் கூர்ந்து நோக்கிய மார்க் புரூனல் என்னும் பொறியாளர், 1818-இல் சுரங்கம் தோண்டும் இரும்புக் கவசத்திற்குக் காப்புரிமை பெற்றார். கவசத்தின் சிற்றறைகளில் நின்று ஆட்கள் முன்னே தோண்ட, பின்னே கொத்தனார்கள் உடனுக்குடன் செங்கற் சுவர் எழுப்பினர். இலண்டனில் தேம்சு ஆற்றின் அடியில் 1825-இல் தொடங்கிய அப்பணி, வெள்ளம் புகுந்து உயிர்கள் பலியான பின்னரும் தொடர்ந்து, 1843-இல் நிறைவுற்றது.

நம் தலைநகரிலும் அவ்வழியே பின்பற்றப்பட்டது. 2007-இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கம் 9.7 கிலோமீட்டர் நீளமுடையது. கிள்ளான் ஆற்றின் வெள்ளத்தைத் திசைதிருப்பி நகரைக் காப்பது அதன் முதற் பணி. அதன் ஒரு பகுதியில் வாகனங்களும் செல்கின்றன. 13 மீட்டருக்கும் மேற்பட்ட விட்டமுடைய இயந்திரங்கள் முன்னே துளைக்க, பின்னே கான்கிரீட் வளையங்கள் பொருத்தப்பட்டன. கப்பற்புழு அறிந்திருந்த பாடம் இதுவே: தோண்டுவது பாதி வேலை, தோண்டியதைத் தாங்குவது மறு பாதி.

பள்ளி விடுமுறையில் மாணவர் சிலரை அவர்தம் பெற்றோருடன் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம். அலையாத்திக் காட்டுச் சேற்றில் ஆங்காங்கே புற்றுகள் போன்ற மேடுகள் நின்றன. சிங்கி இறாலை ஒத்த சேற்றுயிர் ஒன்று, ஆழத்துச் சேற்றை மேலே தள்ளி எழுப்பியவை அவை. அம்மேடுகளில் வேறு பல சிற்றுயிர்களும் குடியிருக்கின்றன. அருகே சிறு நண்டுகள் தத்தம் வளை வாயில் நின்று நம்மைப் பார்த்தன. அம்மாணவன் பலகைப் பாதையில் குந்தியமர்ந்து, நெடுநேரம் அசையாது அவற்றையே நோக்கினான். பின்பு மெல்லத் திரும்பி, “ஐயா, இனி எலி வளையில் தண்ணீர் ஊற்றமாட்டேன். கடைக்குப் பின்னால் குழாய் ஒழுகுகிறது, அப்பாவிடம் சொல்லிப் பழுதுபார்க்கச் சொல்வேன்” என்றான்.

நம் கண்கள் கலங்கின. மாணவமணிகளே! கேள்வி கேட்கத் தயங்காதீர். ஆசிரியர் விடையறியாது விழித்தால் அஞ்சாதீர். அவரும் உங்களோடு சேர்ந்து கற்பார். காலடி மண்ணைக் கூர்ந்து நோக்குங்கள். அங்கே சொல்லித்தரக் காத்திருக்கும் ஆசான்கள் பலருளர்.