தழும்பு

மேல்வரிசையில் என் முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் செத்துப் பல வருஷங்களாகின்றன. பள்ளிக்கூட மைதானத்தில் கிரிக்கெட் பந்து பட்டது. பிறகு வேரைச் சுத்தம் செய்து அடைத்தார்கள். ஆனாலும் அவ்வப்போது ஈறில் ஒரு கொப்புளம் எழும்பும், உடையும், வாயில் உப்புக் கரிக்கும். வலி கிடையாது. வலிக்காத ஒன்றை நோயென்று ஒப்புக்கொள்ள எனக்கு நாளாயிற்று.

நான்கு வருஷங்களுக்கு முன் ஈறைக் கீறி விலக்கி, எலும்பில் வழிசெய்து, வேரின் நுனியில் மூன்று மில்லிமீட்டரை வெட்டி எடுத்தார்கள். வெட்டிய முகத்தை ரெசினால் மூடினார்கள். டென்மார்க்கில் 1984-லிருந்து செய்துவரும் முறை. ரெசினுக்கு ஈரம் ஆகாது. ரத்தம் பட்டால் பல்லோடு சரியாக ஒட்டாது. எலும்புக்குள் திறந்த குழியை ரத்தமில்லாமல் வைத்திருப்பதுதான் பாதி வேலை என்று டாக்டர் பின்னால் சொன்னார்.

ஒரு வருஷம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில், மொச்சையளவு இருந்த கருநிழல் மிளகளவாகச் சுருங்கியிருந்தது. போய்விடவில்லை.

"ஆறிடுச்சா, டாக்டர்?"

"இப்பச் சொல்ல முடியாது, சார். அடுத்த வருஷமும் எடுத்துப் பார்ப்போம்."

ஒரு வருஷத்துக்குப் பிறகும் தீர்ப்புச் சொல்லாத துறை மேல் எனக்கு எரிச்சல் வந்தது. இது பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தது அந்த எரிச்சலில்தான்.

1972-ல் ரூட், ஆண்ட்ரியாசன், யென்சன் என்ற மூவர், ஆறுதலை எக்ஸ்ரேயில் பார்த்து நான்காகப் பிரித்திருக்கிறார்கள். முழுமையாக ஆறியது, முழுமையாக ஆறாமல் தழும்பானது, சந்தேகத்துக்குரியது, ஆறாதது. இதில் இரண்டாவதும் வெற்றிக் கணக்கில்தான் சேர்கிறது. எலும்பின் உட்சுவர், வெளிச்சுவர் இரண்டும் அரித்துப்போயிருந்தால், எலும்பு வளர்ந்து நிரப்புமுன் நார்த்திசு உள்ளே வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டுவிடுகிறது. அது எக்ஸ்ரேயில் கறுப்பாகத்தான் விழும். நோயும் கறுப்பாகத்தான் விழும். ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு பல சமயம் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. வருஷா வருஷம் எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கவேண்டும். சந்தேகத்துக்குரியதை நான்கு வருஷம்வரை பார்க்கிறார்கள். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால்தான் தோல்வி.

எங்கள் வங்கியில், எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவைப்போம். சீக்கிரம் தீர்க்கச் சொல்லி நச்சரிப்பார்கள். ஆனாலும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. விமர்சகனாக என்னிடம் அதுவும் இருந்ததில்லை. தேறியது, தேறாதது, இரண்டே தலைப்புகள்.

பல்லை அறுத்த அதே மாதம் என் நண்பனின் முதல் கவிதைத் தொகுதி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை படித்து அன்றிரவே மதிப்புரை எழுதினேன். பன்னிரண்டு வருஷப் பழக்கம் நேர்மைக்குக் குறுக்கே வந்துவிடக் கூடாது என்ற உஷார் வேறு. இருளை இவர் அனுபவமாக்கவில்லை, அலங்காரமாக்குகிறார் என்று முடித்திருந்தேன். வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. அவன் எழுதுவதை நிறுத்தவில்லை. எழுதியதை எனக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டான்.

இதற்கிடையில் பெர்ன் நகரத்து மருத்துவர்கள் 2014-ல் வெளியிட்ட ஓர் ஆய்வையும் படித்தேன். அறுவைக்கு ஐந்து வருஷங்களுக்குப் பிறகு, எம்.டி.ஏ. என்ற சிமெண்டால் மூடிய பற்களில் 92.5 சதவீதம் ஆறியிருந்தன. ரெசினால் மூடியவற்றில் 76.6. அந்தச் சிமெண்ட் ஈரத்திலேயே இறுகக்கூடியது. ரெசின் மாதிரி உலர்ந்த இடம் கேட்பதில்லை. நான் பலவீனமான கட்சியில் இருந்தேன். ஆனால் சதவீதம் ஒரு பொருளைப் பற்றிச் சொல்லும். என் பல்லைப் பற்றிச் சொல்லாது. அதற்கு என் பல்லைத்தான் பார்க்கவேண்டும்.

போன மாதம் நான்காவது படம் எடுத்தார்கள். டாக்டர் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். நிழல் அதே மிளகளவு. ஓரம் ஒழுங்கில்லாமல் இருந்தது. அதற்குள்ளேயே மெல்லிய எலும்பு இழைகள் ஓடின. கொப்புளமும் இத்தனை நாளில் ஒருமுறைகூட வரவில்லை.

"இது தழும்புதான், சார். அப்படியே இருந்துட்டுப் போகும்."

வீட்டுக்கு வந்து அந்தத் தொகுதியை எடுத்தேன். எல்லாம் மாறித் தெரிந்தது என்று சொன்னால் பொய். பல கவிதைகள் இப்போதும் தேறவில்லை. ஆனால் நான் அலங்காரம் என்று எழுதிய இருள் மூன்று கவிதைகளில் அலங்காரமில்லை. அது அவன் அப்பா. தொகுதி வருவதற்கு முந்தின வருஷம் இறந்தவர். அவர் படுத்திருந்த அறையின் ஜன்னல்களை மூடியே வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த மூன்று கவிதைகளை மட்டும் குறிப்பிட்டு அவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மற்றவற்றைப் பற்றி முன்பு சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, அதையும் எழுதினேன். பதில் வரவில்லை. மூன்று வாரம்தான் ஆகிறது.