விலைக்கு வாங்கிய கறுப்பு

மழை காரணமாக ஆசிரியர் பலர் வராத ஒரு நாள். 2019 ஆம் ஆண்டு என்று நினைவு. எங்கள் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவியர் சிலர் ஒரு நிழற்படத்தைச் சூழ்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தனர். யப்பானிய இளம்பெண்கள் மூவர் அப்படத்தில் நின்றனர். முகம் கருங்காலிக் கட்டை போலக் கறுத்திருந்தது. கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் வெண்பூச்சு. தலைமயிரில் வெள்ளியும் செம்மஞ்சளுமாய்ச் சாயம். காலில் ஏறக்குறைய ஒரு சாண் உயரமுள்ள அடியை உடைய சப்பாத்து. "ரீச்சர், இதுகள் பேயோ, பெண்ணோ?" என்று ஒருத்தி கேட்டாள். ஓரத்தில் நின்ற வேறொருத்தி மட்டும் சிரிக்கவில்லை. படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவையள் காசு குடுத்தோ கறுக்கினம்?" என்று கேட்டாள். ஓம் என்றேன். ஒன்றும் பேசாமல் தன் வாங்கில் போய் இருந்தாள்.

அவளுக்கு ஒரு சொல்லில் விடை கூறித் தப்பிவிட்டேன் என்ற எண்ணம் பல நாள் என்னை வருத்தியது. வருத்துவதற்குத் தனிப்பட்ட காரணமும் ஒன்று உண்டு. அதனைப் பின்னர் கூறுவேன். இக்கோலம் எங்ஙனம் தோன்றிற்று என்று தேடிப் படிக்கத் தொடங்கியது அவளால்தான்.

இதற்கு யப்பானில் 'கங்குரோ' என்று பெயர். 'கன்' என்பது முகம். 'குரோ' என்பது கறுப்பு. அவ்வாறன்று, மிகுதிப்பொருள் தரும் 'கங்கன்' என்ற குறிப்புச்சொல்லோடு சேர்ந்து 'கடுங்கறுப்பு' என்று பொருள்படுவதே அச்சொல் என்பாரும் உளர். தமிழ் படித்தவர் காதில் இச்சொல் விழுந்ததும் கங்குல் நினைவுக்கு வரும். குரோ என்றதும் கரு நினைவுக்கு வரும். தமிழுக்கும் யப்பானிய மொழிக்கும் உறவு கண்ட பேராசிரியர் சுசுமு ஓனோவும், அவரோடு சேர்ந்து உழைத்த யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியரும் எங்கள் பல்கலைக்கழக நாள்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்டவர்கள். மொழியியலாளருட் பெரும்பாலோர் அக்கொள்கையை ஏற்றிலர். நானும் கங்குலை வைத்துக்கொண்டு புதிய ஆராய்ச்சி எதுவும் தொடங்கப் போவதில்லை. மொழியில் உறவு உண்டோ இல்லையோ, நிறத்தைப் பற்றிய மனநோயில் இரு நாட்டாரும் நெருங்கிய சொந்தக்காரரே.

'வெண்ணிறம் ஏழு குற்றங்களை மறைக்கும்' என்பது யப்பானியப் பழமொழி. அரண்மனைப் பெண்டிர் முகத்தில் வெண்மா அப்பிய வழக்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. பிற்காலத்தில் அம்மாவில் ஈயம் கலந்திருந்தது. நஞ்சென்று அறிந்த பின்னரும் அதனைக் கைவிட நெடுங்காலம் சென்றது. மணமான பெண்கள் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்ளும் வழக்கமும் அங்கே இருந்தது. மேனாட்டார் பார்வைக்கு அஃது அநாகரிகமாகத் தோன்றவே, 1873 ஆம் ஆண்டில் பேரரசியே வெண்பல்லோடு வெளிவந்து அதற்கு முடிவு கட்டினார். எது கறுக்க வேண்டும், எது வெளுக்க வேண்டும் என்பதைப் பெண் ஒருகாலும் தானாகத் தீர்மானித்ததில்லை. 1966 ஆம் ஆண்டின் கோடையில் ஷிசெய்டோ என்னும் ஒப்பனைப்பொருள் நிறுவனம், வெயிலில் கறுத்த மேனியுடைய நங்கை ஒருத்தியின் படத்தைச் சுவரெல்லாம் ஒட்டி, சூரியனின் காதலைப் பெறுமாறு மகளிரை அழைத்தது. அஃது ஒரு பருவத்துக்கான கறுப்பு. மாரியில் மறுபடியும் வெளுக்கலாம், அதற்கும் களிம்பு விற்கலாம்.

கங்குரோவின் கறுப்பு இவ்வாறு மேலிருந்து வந்ததன்று. அதன் தாய் 'கோகியாரு' என்னும் பாடசாலை மாணவியர் கூட்டம். 'கியாரு' என்பது பெண்பிள்ளையைக் குறிக்கும் ஆங்கிலக் கொச்சைச்சொல்லின் யப்பானிய உச்சரிப்பு. 'கோ' என்ற முன்னொட்டு உயர்தரப் பாடசாலையைக் குறிப்பதென்பர் சிலர். சிறுமையைக் குறிப்பதென்பர் வேறு சிலர். 1990 களின் தொடக்கத்தில் ரோக்கியோ நகரின் ஷிபுயாப் பகுதியில் இவர்கள் திரண்டனர். யப்பானியப் பெண்பிள்ளைகளின் சீருடை, 1920 களில் ஆங்கிலக் கடற்படை மாலுமியின் உடையைப் பார்த்து அமைக்கப்பட்டது. படையாளின் உடுப்பைப் பெண்பிள்ளைக்கு மாட்டிய அந்த ஒழுங்கை இவர்கள் எதிர்த்து ஊர்வலம் போகவில்லை. பாவாடையை இடுப்பில் நான்கு சுற்றுச் சுருட்டிக் குட்டையாக்கினர். தடித்த வெண் காலுறையைத் தளர்த்தி, அது கணுக்காலில் மடிந்து விழும்படி செய்து, வழுவாதிருக்கக் காலில் பசை தடவி ஒட்டினர். மயிரை மண்ணிறமாக்கினர். பாடசாலை வாயிலில் அளவுகோலோடு ஆசிரியர் நின்றால் சுருட்டியதை அவிழ்த்துவிட்டால் முடிந்தது. அளவுகோல் பிடித்த பழக்கம் எனக்கும் உண்டாகையால் இவ்விடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கூச்சமும் வந்தது.

அவர்கள் பேச்சும் தனி. 'சோ' என்னும் யப்பானிய மிகைச்சொல்லோடு, 'மிகக் கெட்டது' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் துண்டுகளை ஒட்டிச் 'சோ பெரி பா' என்றார்கள். 1996 ஆம் ஆண்டின் புதுச்சொற் பட்டியலில் அது இடம்பெற்றது. எண்கள் மட்டுமே அனுப்பக்கூடிய சிறு அழைப்புக் கருவிகளில் 0840 என்று அனுப்பினால் 'ஒஹயோ', அஃதாவது காலை வணக்கம். எண்ணை எழுத்தாக்கும் இவ்விளையாட்டு வணிகரும் அறிந்ததே. இவர்கள் உடை வாங்கிய பெருங்கடைக் கட்டடம் 1979 இல் திறக்கப்பட்ட ஷிபுயா 109. பத்துக்குத் 'தோ', ஒன்பதுக்குக் 'கியூ'. சேர்த்தால் அதனைக் கட்டிய தோக்கியூ நிறுவனத்தின் பெயர்.

இவர்கள் தோன்றிய காலத்தை நோக்க வேண்டும். 1989 டிசெம்பர் இறுதியில் யப்பானியப் பங்குச்சந்தைச் சுட்டெண் 38,915 என்னும் உச்சத்தைத் தொட்டது. அதன் பின் வீழ்ச்சி. 1997 நவம்பரில் யமயிச்சி என்னும் பெரும் பங்குத்தரகு நிறுவனமே கதவடைத்தது. படித்து முடித்தவருக்கு வேலையில்லாத அக்காலத்தை யப்பானியர் 'வேலைவாய்ப்பின் பனியுகம்' என்றனர். பெண்களின் நிலையோ அதற்கு முன்னரே தெரிந்ததுதான். வேலையில் ஆண் பெண் சமத்துவச் சட்டம் 1986 இல் நடைமுறைக்கு வந்த பின்னரும் அலுவலகப் பெண்ணின் பணி தேநீர் ஊற்றுவதாகவே பெரிதும் இருந்தது. இருபத்தைந்து கடந்தும் மணமாகாதவளை, 25 ஆந் திகதிக்குப் பின் விலைபோகாத நத்தார்க் கேக்குக்கு ஒப்பிட்டனர். தாயின் வாழ்வு இது, தமக்கையின் வாழ்வு இது என்று கண்முன் கண்ட பதினாறு வயதுப் பிள்ளை, அடக்கமாயிருந்தால் நல்வாழ்வு கிட்டும் என்ற ஆசிரியரின் வாக்கை ஏன் நம்ப வேண்டும்?

கறுப்பு எங்கிருந்து வந்தது? கடலலையில் விளையாடும் இளைஞரின் வெயிற் கறுப்பிலிருந்து, கறுப்பு அமெரிக்கரின் இசையிலிருந்து என்று பல வேர்களைக் கூறுவர். என் மனத்தில் நின்றது ஒன்று: 1977 இல் ஒக்கினாவாவின் நஹா நகரிற் பிறந்த பாடகி அமுரோ நமியே. 1996 இல் நாடெங்கும் இளம்பெண்கள் அவளைப் போல மெல்லிய புருவமும், குட்டைப் பாவாடையும், உயர்ந்த சப்பாத்தும், பழுப்பு மேனியுமாகத் திரிந்தனர். அவர்களை 'அமுரா' என்றே அழைத்தனர்.

ஒக்கினாவா என்ற பெயரைக் கேட்டதும் ஈழத்து வாசகர் சற்றுத் தரித்து நிற்பது நன்று. 1879 இல் யப்பானோடு இணைக்கப்படும்வரை அது றியூக்கியூ என்னும் தனியரசு. அம்மக்களின் மொழி வேறு. பாடசாலையில் அம்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் தண்டனைப் பலகை தொங்கவிடப்பட்ட காலம் இருந்தது. 1903 இல் ஒசாக்காவில் நடந்த பொருட்காட்சியின் போது, 'மானிடக் கூடம்' என்ற கொட்டகையில், அயினு மக்களோடும் தைவான் பழங்குடியினரோடும் ஒக்கினாவாப் பெண்கள் இருவரும் உயிரோடு காட்சிப்பொருளாக வைக்கப்பட்டனர். 1945 போரில் அங்குள்ள குடிமக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் மாண்டனர். 1972 வரை அமெரிக்க ஆட்சி. இன்றும் யப்பானிலுள்ள அமெரிக்கப் படைத்தளங்களின் நிலத்தில் எழுபது வீதமளவு அச்சிறு தீவிலேயே உள்ளது. அமுரோவின் புகழ் ஏறிய 1995 செப்டெம்பரிலேதான் அமெரிக்கப் படையினர் மூவர் பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தியைக் கடத்திச் சிதைத்தனர். அடுத்த மாதப் பேரணியில் எண்பத்தையாயிரம் பேர் திரண்டதாக அமைப்பாளர் கூறினர். அத்தீவின் பெண்ணைப் பார்த்து, தொண்ணூற்று மூன்று ஆண்டுகளுக்கு முன் அவளினத்தாரைக் கூண்டில் வைத்துப் பார்த்த பெருநிலத்தின் பேத்திகள் தம் மேனியைக் கறுப்பாக்கினார்கள். அவர்களுக்கு இவ்வரலாறு தெரிந்திருக்கும் என்று நான் எண்ணவில்லை. தெரியாமற் செய்ததனால் அதன் வியப்புக் குறைந்துவிடவுமில்லை.

1998, 1999 அளவில் அப்பழுப்பு கறுப்பாயிற்று. மின்விளக்கின் கீழ்ப் படுத்து மேனியைக் கறுக்க வைக்கும் நிலையங்கள் பெருகின. 1995 இல் தொடங்கிய 'எக்' என்னும் சஞ்சிகை தெருவில் நிற்கும் பெண்களையே படம்பிடித்து வெளியிட்டது. அதே வேளை, மறுபக்கத்தில், வெள்ளைக் களிம்பு விற்பனை கொடிகட்டிப் பறந்தது. சுசுகி சொனோக்கோ என்ற வணிகப் பெண்மணி, சுண்ணாம்பு போல் வெளுத்த முகத்தோடு தொலைக்காட்சியில் தோன்றி 'வெண்மையின் அரசி' எனப் பட்டம் பெற்றதும் அந்த ஆண்டுகளில்தான்.

கறுப்பின் மேல் விழுந்த வசையோ கொஞ்சமன்று. நடுவயது ஆடவர் படிக்கும் வார சஞ்சிகைகள் இவர்களை அழுக்கர் என்றன. காட்டுமிராண்டிக் குலம் என்றன. பணத்துக்காக ஆடவரோடு திரியும் மாணவியர் என்ற பழி கோகியாரு காலத்திலேயே எல்லார் மேலும் பூசப்பட்டிருந்தது. பணங்கொடுத்த ஆடவர்மேல் அத்துணைத் தடிப்பாக எதுவும் பூசப்பட்டதாகத் தெரியவில்லை. ஷரன் கின்செல்லா என்னும் ஆய்வாளர் 2005 இல் எழுதிய கட்டுரையொன்றில், இவ்வெழுத்துக்களைப் பெண்பிள்ளைகளின் மேல் ஏவப்பட்ட இனவெறி என்றே விவரித்தார். சரியான சொல் என்பேன்.

வெண்பூச்சு மிகுந்த பின்னையோரை 'யமன்பா' என்றனர். யமன்பா என்பவள் மலையில் திரியும் நரைமயிர்க் கிழவி. நாட்டார் கதைகளில் மனிதரை உண்பவள். ஆயினும் அவள் பெயரால் அமைந்த பழைய நோ நாடகத்தில் அவள் மலைசூழ் வருபவளாய், மாந்தருக்கு மறைவில் உதவுபவளாயும் வருகிறாள். பேயுரு வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையாரை எனக்கு அது நினைவூட்டிற்று. கணவன் விரும்பும் அழகை உதறிவிட்டால் ஆண்கள் உலகம் நம்மை விட்டுவிடும் என்று ஆறாம் நூற்றாண்டுப் பெண்ணொருத்தி கண்டதை, ஷிபுயாத் தெருவில் நின்றவளும் தன் வழியிற் கண்டாள் போலும். பக்தர்கள் இவ்வொப்புமைக்கு என்னை மன்னிப்பார்களாக.

இவர்களைப் புரட்சிக்காரிகள் என்று எழுத எனக்கு மனமில்லை. அவர்கள் சங்கம் அமைக்கவில்லை. தேநீர் ஊற்றும் பெண்ணின் கூலியை ஒரு யென்னும் உயர்த்தவில்லை. கறுக்க வைக்கும் நிலையத்துக்கும் 109 இன் கடைகளுக்கும் பணம் போயிற்று. நன்றாக விற்ற கடைப்பெண்களையே முதலாளிகள் விளம்பரமாக்கினர். கறுப்பு மக்களின் பாடலையும் நிறத்தையும் எடுத்தவர், அவர்களது அடிமை வரலாற்றை எடுக்கவில்லை என்ற குறையிலும் நியாயம் உண்டு. அதற்கும் மேலே ஒன்று: கங்குரோப் பெண் இருபது வயதில் வெளியே வந்துவிடலாம். விளக்கை அணைத்தால் மேனி சில மாதத்தில் வெளுக்கும். 2000 ஆம் ஆண்டுக்குப் பின் பலர் அவ்வாறே வெளுத்தனர்.

வெளியே வரமுடியாத கறுப்பு ஒன்று உண்டு. 'கறுப்பே அழகு, காந்தலே ருசி' என்று என் பாட்டி சொல்வார். சொல்லிக்கொண்டே எனக்கு மஞ்சளும் கடலைமாவும் தேய்ப்பார். எனக்குப் பேசிவந்த கலியாணங்களில் 'பொது நிறம்' என்ற சொல் என்னைக் குறித்து எத்தனை முறை எழுதப்பட்டதென்று எண்ணவில்லை. அதனை அனுபவித்த நான் செய்ததையே இப்போது கூற வேண்டும்.

2018 ஆம் ஆண்டின் தமிழ்த்தினப் போட்டிக்குக் கண்ணகி கதையை நாடகமாகப் பழக்கினேன். வழக்குரைக்கும் காட்சியை எடுத்த எடுப்பில் உடல் சிலிர்க்கச் சொல்லக்கூடிய குரல், படத்தைப் பார்த்துச் சிரிக்காத அந்தப் பிள்ளையினுடையது. பழகுதலின் மூன்றாம் நாள், உடன் ஆசிரியை ஒருவர் என் காதருகே, "மேடை வெளிச்சத்திலை முகம் தெரியாதப்பா" என்றார். நான் மறுக்கவில்லை. வெளுத்த பிள்ளையொருத்தியைக் கண்ணகியாக நிறுத்தி, இவளைத் திரைக்குப் பின்னால் நின்று பாட வைத்தேன். "உன்ரை குரல்தான் பிள்ளை முக்கியம்" என்று ஒரு பொய்யும் சொன்னேன். மதுரையை எரித்தவள் வெண்ணிறத்தாள் என்று இளங்கோ எங்கும் எழுதியதாக நான் படித்ததில்லை. நான்கு ஆண்டு தமிழ் படித்தவள் நான்.

நிழற்படம் பார்த்த அந்த ஆண்டிலே மறுபடியும் நாடகம் பழக்கினோம். அவளைத் தனியே அழைத்து, முதற்பாத்திரம் உனக்கு என்றேன். பூச்சு எதுவும் வேண்டாம், உன் முகத்தோடேயே நில் என்றும் சொன்னேன். என்னை நேரே பார்த்து, "வேண்டாம் ரீச்சர். நான் பின்னுக்கு நிண்டே பாடுறன்" என்றாள். வற்புறுத்தும் உரிமை எனக்கு இருக்கவில்லை. அவள் குரல் மண்டபத்தின் கடைசி வரிசைவரை கேட்டது. மாவட்ட மட்டத்தில் எங்களுக்கு இரண்டாமிடம் கிடைத்தது.