கடல் விட்ட மண்

தமிழகத்தின் தென்கரையிலிருந்து விசாகப்பட்டினத்தில் குடியேறியோர்க்கு முதலில் புதுமையாகத் தோன்றுவது கடலன்று. கடலுக்குள் தலையை நீட்டிக் கிடக்கும் மலையேயாகும். திருச்செந்தூர்ப் பக்கத்தில் வளர்ந்த எங்களுக்கு நெய்தல் என்றால் மணல்வெளி, உப்பளம், தாழை, பனை. இங்கோ கிழக்குத் தொடர்ச்சி மலையின் கிளையொன்று நேரே அலைக்குள் இறங்கி நிற்கிறது. அதன் முனையை மீனின் மூக்காகக் கண்டவர்கள் 'டால்பின் மூக்கு' என்று பெயரிட்டனர். எங்கள் பிள்ளைகளுக்கு அதுவே கடற்கரை. தட்டையான கரையை விடுமுறைக்கு ஊர் செல்லும்போதுதான் அவர்கள் வியப்போடு பார்க்கின்றனர்.

அலை எல்லா இடத்தையும் ஒன்றுபோல் அடிப்பதில்லை. ஆழம் குறையுமிடத்தில் அதன் நடை தளர்கிறது. ஒருபுறம் தளர, மறுபுறம் முந்த, அலையின் வரிசையே வளைந்துவிடுகிறது. அவ்வாறு வளைந்து வரும் அலைகள் பாறைமுனையைப் பல பக்கமும் சூழ்ந்து மோதுகின்றன. இரு முனைகளுக்கு இடைப்பட்ட குடாவிலோ அதே அலை அகன்று பரவி, வலுவிழந்து, சுமந்து வந்த மணலைப் போட்டுவிட்டுப் போகிறது. பீமுனிப்பட்டினம் செல்லும் வழியில், மங்கமாரிப்பேட்டைக் கரையில், பாறையை நடுவே குடைந்து வாயில்போல் ஆக்கியிருக்கிறது கடல். சுற்றுலாவுக்கு வருவோர் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்வர். அதன் மேற்பகுதியும் ஒருநாள் விழுந்துவிடும் என்று சொன்னால் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பர்.

மணலுக்கும் ஒரு பயணம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் கரையைச் சாய்வாக அடித்து மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் மிகுதி. 1933இல் திறக்கப்பட்ட விசாகப்பட்டினத் துறைமுகத்தைக் கட்டியவர்கள் இதனை அறிந்திருந்தனர். முகத்துவாரம் தூர்ந்துவிடாதிருக்க இரண்டு பழைய கப்பல்களை மூழ்கடித்து மணலுக்கு அணையிட்டனர். 1970களில் வெளித்துறைமுகத்திற்கு நீண்ட அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின் மணலின் வழி மேலும் அடைபட்டது. தெற்கே தேங்கும் மணலைத் தூர்வாரும் கப்பல் அள்ளி வந்து வடக்கே நகரக் கடற்கரையில் கொட்டுகிறது. கடல் அதனை மறுபடியும் எடுத்துக்கொள்கிறது. 2014 அக்டோபர் 12ஆம் நாள் ஹூத்ஹூத் புயல் நகரைத் தாக்கியது. அதற்குப் பிறகு, மணலை இழந்த கரையோரத்தைக் கண்டவர்கள் இந்தக் கொடுக்கல் வாங்கலை எளிதில் மறக்கமாட்டார்கள்.

ஆனால் நாங்கள் எழுத விரும்பியது செம்மணற் குன்றுகளைப் பற்றி. பீமுனிப்பட்டினத்திற்குச் சற்று முன்பாக, சாலைக்கும் கடலுக்கும் இடையில் அவை எழுந்து நிற்கின்றன. தெலுங்கில் 'எர்ரமட்டி திப்பலு' என்பர். 2014இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அவற்றைத் தேசியப் புவியியல் மரபுச் சின்னமாக அறிவித்தது. இத்தகைய செம்மணற் படிவு தெற்காசியாவில் இங்கும், தமிழகத்தின் தென்கோடியிலும், இலங்கையிலுமே உண்டு. தென்கோடியில் உள்ளதற்கு நாம் இட்ட பெயர் தேரி.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், உலகின் நீரில் ஒரு பகுதி பனிப்பாளமாய் உறைந்திருந்தது. கடல்மட்டம் இன்றுள்ளதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. இன்று மீன்பிடி படகுகள் செல்லும் இடமெல்லாம் அன்று வெறும் தரை. அத்தரையில் உலர்ந்த மணலைக் காற்று அள்ளி வந்து கரையோரத்தில் குவித்தது. மலையடிவாரத்து ஓடைகளும் தம் பங்குக்குக் கொணர்ந்து சேர்த்தன. எது எவ்வளவு என்பதில் அறிஞர்க்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. மணலோடு கலந்திருந்த கார்னெட் முதலிய கனிமங்கள் நாளடைவில் சிதைந்தன. அவற்றிலிருந்த இரும்பு துருவாகி, ஒவ்வொரு மணியின்மேலும் மெல்லிய செம்பூச்சாய்ப் படிந்தது. பிறகு மழைநீர் அறுத்து அறுத்து, ஆளுயரத்திற்கும் மிகுந்த பள்ளங்களை உண்டாக்கிற்று.

அம்மா எங்களோடு வந்து தங்கியது அப்பாவின் மறைவுக்குப் பின். விருப்பமின்றி வந்தவர். இந்நகரை 'உங்க ஊரு' என்றே சொல்வார். 2019 தை மாதத்தில் ஒருநாள் அவரைப் பீமுனிப்பட்டினத்திற்கு அழைத்துச் சென்றோம். வழியில் சாலையோரம் அவித்த பனங்கிழங்கு விற்றனர். இங்கு அதற்குத் 'தேகலு' என்று பெயர். ஒரு கட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். செம்மணல் மேட்டில் கால் வைத்ததும் நின்றுவிட்டார்.

"இது நம்ம தேரில்லா! இத யாரு இங்க கொண்டாந்து போட்டா?"

"காத்துதான் ஆச்சி. அப்ப கடல் ரொம்ப தூரம் உள்ள போயிருந்துச்சு" என்றாள் எங்கள் மகள், பள்ளியில் படித்திருந்தாள்.

அம்மா குனிந்து மண்ணை அள்ளி விரல்களுக்கிடையே ஒழுகவிட்டுப் பார்த்தார். "அப்ப கடலு திரும்பி வந்து கேக்காதாட்டி?" என்றார்.

மகளுக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. எங்களுக்குந்தான். கடல் ஏற்கெனவே திரும்பி வந்துவிட்டது. அன்றைய தரையையெல்லாம் மீட்டுக்கொண்டது. இக்குன்றுகள் அது எட்டாமல் விட்ட மிச்சம்.

சாத்தான்குளத்துக்கு அப்பால் எங்களுக்கும் கொஞ்சம் தேரிநிலம் உண்டு, பனையோடு. அதனை விற்றுவிட வேண்டும் என்பது ஊரிலிருக்கும் அண்ணனின் கருத்து. அவர் கூறுவது பொய்யன்று. பனையேற ஆள் இல்லை. பதனீரும் இல்லை, கருப்பட்டியும் இல்லை. மகளின் திருமணமோ நெருங்குகிறது. விலை கேட்டு வந்தவர்கள் மண்ணுக்காகக் கேட்கிறார்களா, மனைக்காகக் கேட்கிறார்களா என்பது அவருக்கே விளங்கவில்லை. இது குறித்து எங்களுக்குள்ளும் ஒருமனம் இல்லை. திரும்பிச் சென்று வாழப்போவதில்லை என்று ஒருவர் சொன்னால், அதனாலேயே விற்கக்கூடாது என்கிறார் மற்றவர்.

2024இல் இங்குள்ள செம்மணற் குன்றுகளின் அருகே வீட்டுமனைக்காக இயந்திரங்கள் மண்ணைச் சமன்செய்வதாகச் செய்தி பரவிப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. நாளிதழில் வந்த படத்தை அம்மா நெடுநேரம் பார்த்தார். தெலுங்கு எழுத்து அவருக்குத் தெரியாது. படம் போதுமானதாக இருந்தது. பிள்ளைகள் யாரும் ஒன்றும் கேட்காமலே, "எத்தன வருசத்து மண்ணு" என்று மட்டும் சொன்னார்.

விற்பனைப் பத்திரத்தில் முதற் கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும். அண்ணன் அனுப்பிய தாள்கள் அவருடைய டிரங்குப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் இருக்கின்றன. ஆவணி முகூர்த்தத்திற்கு முன் ஒரு முடிவு தெரிய வேண்டுமென்று அண்ணன் மீண்டும் கேட்டிருக்கிறார்.